பயத்தை மறைத்துவிட்டு என்ன பேசப் போகிறீர்கள்?

கேள்வி: நாகர்கோவிலில் நர்சிங் படித்து, இப்போது இங்கிலாந்தில் ஹெல்த் விசிட்டராக, அதாவது சிறு குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸாக, வேலை பார்க்கிறேன். குழந்தைப் பாதுகாப்புக் கேஸ்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேம்டு நர்ஸ் (குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான மூத்த நர்ஸ்) சூப்பர்விஷனுக்கு, அதாவது என் கேஸ்களைப் பற்றி உட்கார்ந்து பேச, கூப்பிடுகிறார். குறை கண்டுபிடிக்கத்தானே என்று, ரெக்கார்டு சரியாக இருக்கும் வீடுகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடுவேன். ஒரு வீட்டுக்குப் போக மட்டும் பயமாக இருக்கிறது. சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று நினைப்பாரோ? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் நீங்கள் முதலில் பேசியிருக்க வேண்டும்.

நம் ஊர் வார்டில் மேட்ரன் கூப்பிட்டால் திட்டுதான் விழும். அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை. சூப்பர்விஷன் திட்டுவதற்கு இல்லை; ஏன் வேண்டும் என்று ஒரு நிஜக் கதை சொல்கிறேன். இங்கிலாந்தில் விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமி 1999 ஜூலையில் லண்டனில் இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்தாள். ஒன்றில் அவள் உடம்பில் இருந்த அடையாளங்களைச் சொறி சிரங்கு என்று முடிவு கட்டினார்கள். 2000 பிப்ரவரியில், 8 வயதில், சித்திரவதையால் இறந்தாள். அவளைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. 2003-இல் வந்த லார்ட் லேமிங் விசாரணை அறிக்கையைப் படித்தால், ‘நிஜமாகவே சிரங்குதானா?’ என்று உட்கார வைத்துக் கேட்க ஓர் ஆள் ஏன் வேண்டும் என்று புரியும்.

உங்கள் பயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலையாகப் போகும் உங்களுக்கே அங்கே நடுங்குகிறது என்றால், அதே வீட்டில் இரவும் பகலும் இருக்கும் குழந்தைக்கு எப்படி இருக்கும்? நல்ல சூப்பர்வைசர் இதைத்தான் கிளறுவார். குழந்தை விழித்திருக்கும்போது கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அப்பா வாசலிலேயே நிறுத்திவிடுகிறாரா? அம்மா எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறாரே, ஏதாவது மாறியதா? பயந்தவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவோம், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல். தனியாகப் போக வேண்டாம், இன்னொருவரோடு போங்கள் என்ற முடிவும் அந்த அறையில்தான் பிறக்கும். எடுத்த முடிவு குழந்தையின் ரெக்கார்டில் ஏற வேண்டும்.

படிவத்தில் டிக் அடித்துவிட்டு அனுப்புகிற சூப்பர்வைசர்களும் உண்டு, மறுக்கவில்லை. அப்படியானால் கடைசிப் பத்து நிமிடம் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவிடம் இந்த வீட்டுக் கதையைச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் தோழியிடமும் கூடாது. சூப்பர்விஷனிலும் பேசாவிட்டால் எங்கேதான் பேசுவீர்கள்?

அப்புறம், மூன்று மாதக் கெடுவெல்லாம் அவசரத்துக்குப் பொருந்தாது. குழந்தைக்கு ஆபத்து என்று பட்டால் அன்றைக்கே சோஷியல் கேருக்கு (உள்ளூர் நிர்வாகத்தின் குழந்தை நலத் துறை) போன் போடுங்கள். இல்லையென்றாலும் அந்த வீட்டுக்கு அடுத்த விசிட்டுக்கு முன்னால் நேம்டு நர்ஸுக்கு இரண்டு வரி மெயில் அனுப்புங்கள்: ‘இந்தக் குடும்பத்தைப் பற்றி உடனே பேச வேண்டும், போகப் பயமாக இருக்கிறது.’