டப்பாவில் கிடக்கும் சில்லறையை என்ன செய்வது?

கேள்வி: பஸ் டிக்கெட் முதல் மின் கட்டணம் வரை எல்லாவற்றையும் போனிலேயே கட்டிவிடுகிறேன். வீட்டில் ஒரு டப்பா நிறையச் சில்லறைக் காசும், அலமாரியில் கொஞ்சம் பெரிய நோட்டுகளும் வருடக்கணக்கில் கிடக்கின்றன. மொத்தத்தையும் வங்கியில் போட்டுவிடலாமா? ரொக்கத்துக்கு இனி ஏதாவது வேலை இருக்கிறதா?

பதில்: பெரும்பகுதியை வங்கியில் போடுங்கள், ஒரு சிறு பகுதியைக் கட்டாயம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். சில்லறையைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, பெரிய நோட்டுகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். ஆபத்துக்கு உதவப்போவது அந்தச் சில்லறைதான்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. கார்டு மிஷின்களும் ஏடிஎம்களும் முடங்கின. பல கடைகளில், கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களால்தான் பொருள் வாங்க முடிந்தது. அப்படிப்பட்ட நாளில் எல்லோரும் பெரிய நோட்டை நீட்டினால் கல்லாவில் இருக்கும் சில்லறை சீக்கிரமே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு, சரியான தொகையை எண்ணிக் கொடுப்பவருக்குத்தான் பொருள்.

எவ்வளவு வைப்பது? நெதர்லாந்து மத்திய வங்கி 2025-இல் சொன்ன கணக்கு: 72 மணி நேரத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ. ஸ்வீடன் அரசு 2024-இல் வீடுவீடாக அனுப்பிய கையேடு, குறைந்தது ஒரு வாரத்துக்கான ரொக்கத்தைப் பல மதிப்புகளில் வைத்திருக்கச் சொல்கிறது. உங்கள் தொகையை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். போன மாத வங்கிக் கணக்கு விவரத்தில் சாப்பாடு, மருந்து, போக்குவரத்து மூன்றை மட்டும் கூட்டுங்கள். 30-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்குங்கள். வாடகை, கடன் தவணை, காப்பீடு வேண்டாம்; அவை மூன்று நாள் பொறுக்கும். தினசரி மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தாலோ, கடைத்தெரு தூரம் என்றாலோ 7-ஆல் பெருக்குங்கள். இந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு காசாகவும், பாதி சின்ன நோட்டுகளாகவும், மீதி நடுத்தர நோட்டுகளாகவும் இருக்கட்டும். உச்ச மதிப்புள்ள நோட்டு ஒன்றுகூட வேண்டாம்.

நோட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். நாளாக ஆக ரப்பர் இளகி நோட்டோடு ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது கிழியும். ஈரம் புகாத ஜிப் கவரில் போட்டு இரண்டு இடங்களில் வையுங்கள். பழைய புத்தகம், துணி மூட்டை போன்ற, யாராவது தெரியாமல் தூக்கிப் போட்டுவிடக்கூடிய இடம் வேண்டாம். வீட்டில் இன்னொரு பெரியவருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் நோட்டுக்கும் காலாவதி உண்டு. இங்கிலாந்தில் 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாமல் போயின. மாற்றிக்கொள்ள வழி இருந்தாலும், அவசர நாளில் அதனால் பயனில்லை.

இதற்கு மேல் இருப்பதெல்லாம் வீட்டில் தூங்கத் தூங்கக் கரையும் பணம். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் சுமார் 12 ஆண்டுகளில் அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிடும்.

டப்பாவைக் காலி செய்ய ஒவ்வொரு காசாக எண்ண வேண்டியதில்லை. முதலில் மதிப்பு வாரியாகப் பிரியுங்கள். ஒரு வகையில் 50 காசுகளை எண்ணி எடை போட்டு, ஒரு காசின் சராசரி எடையைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த வகை மொத்தத்தையும் எடை போட்டு, பாத்திரத்தின் எடையைக் கழித்து வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். கணக்கு பிசகுவதற்கு முக்கியக் காரணம், ஒரே மதிப்புள்ள காசு வேறு வேறு உலோகத்தில் வந்திருப்பதுதான். அமெரிக்காவின் ஒரு சென்ட் காசு 1982 வரை 3.11 கிராம்; அந்த ஆண்டிலேயே 2.5 கிராமுக்கு மாறியது. அதனால் பழசையும் புதுசையும் தனித்தனியாக எடை போடுங்கள். எடுத்துப்போகும் முன் வங்கிக் கிளையில் மூன்று விஷயம் கேளுங்கள்: எப்படிப் பொதிந்து தர வேண்டும், ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குவார்கள், கட்டணம் உண்டா. காசு எண்ணும் மிஷினில் கொட்டுவதாக இருந்தால், கமிஷன் எவ்வளவு என்று திரையில் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். பழைய, வித்தியாசமான காசு கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பே போய்விடும்.

அன்றாடத்தில் ரொக்கத்தின் உண்மையான பலம், அது தீர்வது கண்ணுக்குத் தெரிவதுதான். கைமீறிப் போகும் ஒரே ஒரு செலவை, உதாரணமாக வெளியில் சாப்பிடுவதை, ரொக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். திங்கட்கிழமை ஒரு கவரில் வாரத் தொகையைப் போடுங்கள். கவர் காலியானால் அடுத்த திங்கள் வரை அந்தச் செலவு கிடையாது. இந்த முறை தோற்பது ஒரே இடத்தில்: கவர் தீர்ந்ததும் போனை எடுத்து ஸ்கேன் செய்துவிடுவது. எல்லாச் செலவுக்கும் கவர் போடவும் வேண்டாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடன் வாங்கி இரண்டாவது வாரமே குழம்பிவிடும்.

ஒற்றைக் காசுக்கு இன்னொரு நல்ல வேலை உண்டு. ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் வைத்து, முழுதும் உறைந்ததும் மேலே ஒரு காசை வைத்து அங்கேயே விட்டுவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய்ப் பனி முழுக்க உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் உணவைச் சாப்பிட வேண்டாம். ஆனால் எரிந்துபோன ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் மட்டும் காசை ஒருபோதும் செருகாதீர்கள். மின்சுமை கூடினாலும் காசு அறுந்து போகாது, வயர் சூடேறித் தீப்பிடிக்கும்.

பெரிய தொகைக்கு ரொக்கம் வேண்டாம். கைமாற்று, முன்பணம், பழைய வண்டி வாங்குவது எதுவானாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், தேதி, தொகை, காரணம், வாங்கியவர் கையெழுத்து நான்கும் உள்ள ரசீதை, பணம் கைமாறும் இடத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.