பாட்டுக்குள் எப்படி நுழைவது? மாணவர் இசை நாடக ஒத்திகை: வாசகர் கேள்வி – பதில்

ஆண்டு விழாக்கள் நெருங்குகின்றன. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இசை நாடக ஒத்திகை பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் ஒத்திகையே பார்க்காமல் விடிய விடிய நடிக்கிறார்கள். மாணவர்களுக்கு மட்டும் எதற்கு இரண்டு மாத ஒத்திகை?
– கல்லூரி மாணவர், புதுக்கோட்டை

நீங்கள் சொல்வது உண்மைதான். ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் (கோமாளி) இன்னொரு ஊர். மாலையில் கொட்டகைக்கு வந்துதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் எல்லாருக்கும் ஒரே நாடகம், ஒரே பாட்டு வரிசை, ஒரே தர்க்கப் போக்கு (பாத்திரங்கள் பாட்டாலும் பேச்சாலும் மோதிக்கொள்ளும் வாதம்) பல வருடமாக மனப்பாடம். எந்த வசனம் முடிந்தால் எந்தப் பாட்டு என்பது ஆர்மோனியக்காரருக்கும் தெரியும். நடிகர் ஒரு அடியைத் தாண்டிப் போனாலும் அவர் பிடித்துக்கொள்வார். மிருதங்கமும், பலவகைத் தாள வாத்தியங்களை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டும் பின்னாலேயே போய்விடும். அந்தப் பல வருடப் பழக்கத்தைத்தான் நீங்கள் இரண்டு மாதத்துக்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள். பழைய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களைக் கூடவே தங்கவைத்துத் தினமும் பாடம் சொல்லிக்கொடுத்ததும் இதனால்தான். ‘வள்ளி திருமணம்’ முதலான நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய நாடக சபை சிறுவர்களை வைத்தே நடந்தது.

‘வள்ளி திருமண’த்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி ஆண்டு விழாவில் போடுகிறோம். 22 பிள்ளைகள், 8 பாட்டு, கையில் 8 வாரம். எப்படிப் பிரித்துக்கொள்வது?
– அரசு மேல்நிலைப்பள்ளித் தமிழாசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

மேடையில் 1 நிமிடம் என்றால் ஒத்திகையில் 1 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டதும் வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 1½ மணி நேரம் என்றால் 8 வாரத்தில் 48 மணி நேரம். 4 சனிக்கிழமை, தலா 3 மணி நேரம் சேர்த்தால் 60 ஆகிவிடும். நடுவில் தேர்வு வந்து ஒரு வாரத்தை விழுங்கினால், அன்றே ஒரு பாட்டைக் குறைத்துவிடுங்கள். ‘எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்’ என்று 8 பாட்டையும் வைத்திருந்தால் எட்டுமே அரைகுறையாகத்தான் மேடைக்குப் போகும்.

முதல் 2 வாரம் யாரும் எழுந்து நிற்கவே வேண்டாம். ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்து பாட்டு மட்டும். நடுநடுவே வசனம் வாசிக்கலாம். நடந்துகொண்டே பாட்டுப் பழகுகிற பிள்ளை தாளத்தை எங்கே விடுகிறதோ, அந்த இடத்துக் காலடியும் தப்பாகவே பதிந்துவிடும். பிறகு பாட்டைத் திருத்தினாலும் கால் திருந்தாது. 3 முதல் 5-ஆம் வாரம் வரை காட்சி காட்சியாக அசைவு. மிருதங்கம் வாசிப்பவர் 5-ஆம் வாரமாவது வந்துவிட வேண்டும். 6-ஆம் வாரத்தில் கையில் தாள் கூடாது. முழு நாடகத்தையும் இரண்டு தடவையாவது நிறுத்தாமல் ஓட்டுங்கள். 7-இல் திருத்தம். 8-இல் மைக், விளக்கு, உடை.

பெரும்பாலான பள்ளிகளில் நடக்கிற கோளாறு ஒன்று உண்டு. தினமும் முதல் காட்சியிலிருந்து தொடங்குவார்கள். நாரதர் வருகை முப்பது தடவை பழகியிருக்கும், கல்யாணக் காட்சி மூன்று தடவை. ஒன்றுவிட்ட ஒருநாள் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் காட்சிகள், மேல்பக்கம் பாத்திரங்கள் என்று கட்டம் போட்டு, அன்றைய காட்சிக்கு யார் தேவையோ அவர்களை மட்டும் கூப்பிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற 15 பேர்தான் ஒத்திகையின் முதல் எதிரி.

சுருக்கும்போது தர்க்கத்தை அடியோடு வெட்டிவிடாதீர்கள். இரவு முழுக்க நீள்கிற தர்க்கத்தில் நாலு கேள்வி, நாலு பதில் போதும். அது இல்லாவிட்டால் வேடனாகவும் விருத்தனாகவும் (கிழவனாகவும்) முருகன் மாறி மாறி வருவதில் ருசியே இருக்காது.

வள்ளிக்குச் சுருதி 5½ கட்டை (பாடுபவரின் ஷட்ஜமம், அதாவது ‘ச’, ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையில் விழுகிறது என்ற எண்). முருகனாக நடிக்கும் பிளஸ் ஒன் பையனுக்கு 2 கட்டை. தர்க்கப் பாட்டில் இருவரும் மாறி மாறிப் பாட வேண்டும். பொதுவாக ஒரு சுருதி வைத்தால் ஒருவருக்கு எட்டவில்லை, இன்னொருவருக்குக் குரலே கேட்கவில்லை.
– இசை ஆசிரியர், காரைக்குடி

பொதுச் சுருதி தேட வேண்டாம். பையனை 2-லிருந்து 1½-க்கு இறக்குங்கள். அரை சுரம்தான், கஷ்டமே தெரியாது. 1½ கட்டைக்குப் பஞ்சமம் (‘ப’) 5½ கட்டை. அதாவது வள்ளியின் ஷட்ஜமமும் முருகனின் பஞ்சமமும் ஒரே கட்டையில் விழுகின்றன. வள்ளி தன் அடியை ஷட்ஜமத்தில் முடிக்கட்டும், அதே ஒலியைத் தன் பஞ்சமமாகப் பிடித்து முருகன் இறங்கட்டும். ஆர்மோனியக்காரர் அந்த ஒரு கட்டையை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தால் போதும், சுருதி மாறியது சபைக்கு உறுத்தாது. பெண்ணுக்கு 5 என்றால் பையனுக்கு 1, பெண்ணுக்கு 6 என்றால் பையனுக்கு 2 என்று ஜோடி சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை மற்ற கட்டைகளுக்கு நீட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஆர்மோனியத்தில் 3½ கட்டையும் 7½ கட்டையும் கிடையாது. 3-க்கும் 4-க்கும் நடுவே அரை சுரம்தான். 3 கட்டைக்குப் பஞ்சமம் 7 கட்டை. 4 கட்டைக்குப் பஞ்சமம் அடுத்த ஸ்தாயியின் 1 கட்டை.

மாற்றிக் கொடுக்கும் இடத்தில் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) மிருதங்கத்துக்கு விடுங்கள். அந்த 8 எண்ணிக்கைக்குள் அடுத்தவர் சுருதியைக் காதில் வாங்கிக்கொள்வார். முருகன் கோலை ஓங்குவதும் வள்ளி முகத்தைத் திருப்புவதும் அந்த இடைவெளியிலேயே நடந்துவிட்டால் காலியாகவும் தெரியாது.

எட்டாம் வகுப்புப் பையன் ஜூலையில் அருமையாகப் பாடினான். இப்போது மேலே போனால் குரல் உடைகிறது. மாற்றிவிடலாமா?
– நாடக மன்றப் பொறுப்பாசிரியர், தஞ்சாவூர்

இது மகரக்கட்டு, பருவ வயதில் பையன்களுக்குக் குரல் உடைவது. பயிற்சி போதாமல் வந்ததல்ல. அதட்டினாலும் சாதகம் கூட்டினாலும் சரியாகாது, தொண்டைதான் புண்ணாகும். பாத்திரத்தை அவனிடமே விடுங்கள், பாட்டை மட்டும் மாற்றுங்கள். மேல் சஞ்சாரம் உள்ள அடிகளைப் பின்பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். மீதியை 2 கட்டை, 3 கட்டை இறக்கிப் பாடவைத்துப் பாருங்கள். 12 முதல் 15 வயது வரை உள்ள எல்லாப் பையன்களுக்கும் 2 வாரத்துக்கு ஒருமுறை சுருதி பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. முதல் நாள் பார்த்த கட்டை மேடையேறும் நாளில் இருக்கும் என்று நம்பக் கூடாது.

பாட்டைத் தனியாகப் பாடச் சொன்னால் நன்றாகப் பாடுகிறார்கள். வசனத்தையும் நன்றாகப் பேசுகிறார்கள். இரண்டையும் சேர்த்தால் தடுமாற்றம். வசனம் முடிந்ததும் எல்லாரும் ஆர்மோனியத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.
– கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி

இந்தக் கடிதம்தான் மாணவர் இசை நாடகத்தின் மையமான சிக்கலைத் தொட்டிருக்கிறது. பாட்டு கெடுவது பாட்டுக்குள் இல்லை, அதன் வாசலில். பேசும் குரல் ஒரு உயரத்தில் இருக்கிறது, பாட்டின் முதல் சுரம் வேறு உயரத்தில். நடுவில் அந்தப் பிள்ளைக்குச் சுருதி கிடைக்கவில்லை. கிடைக்காததால் நிற்கிறது, நின்றதால் நடிப்பு அறுந்துவிடுகிறது.

முதல் வேலை ஆர்மோனியக்காரருடையது. வசனம் முடிந்தபின் சுருதி கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். கடைசி வரிக்கு முந்திய வரியிலேயே ஷட்ஜமத்தை மெல்ல வைத்துவிட வேண்டும். எந்தச் சொல்லில் வைப்பது என்று அவருடைய பிரதியிலும் நடிகர் பிரதியிலும் ஒரே நிறத்தில் கோடு போடுங்கள். பாட்டு தாரஸ்தாயியில் (மேல் ஸ்தாயியில்) தொடங்கினால் அந்தச் சுரத்தையும் ஒரு முறை தொட்டுக் காட்டட்டும்.

இரண்டாவது, விருத்தம். நம் நாடக மரபில் வசனத்துக்கும் பாட்டுக்கும் நடுவே தாளமில்லாத விருத்தம் வருவது வெறும் அலங்காரத்துக்காக இல்லை. பேச்சு மெல்ல ராகமாகிறது, ராகம் பிறகு தாளத்தில் ஏறுகிறது. நேரம் குறைக்கிறோம் என்று விருத்தங்களை முதலில் வெட்டுகிறார்கள். வெட்டிய இடங்களில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். நாலடியையும் வைக்க முடியாவிட்டால் கடைசி இரண்டடியாவது இருக்கட்டும்.

மூன்றாவது, எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். தாளத்தின் முதல் அடியான சமத்தில் தொடங்கும் பாட்டில் தொல்லை குறைவு. அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளி எடுக்கும் பாட்டில்தான் ஒருவர் முந்துவார், மற்றவர் பிந்துவார். ஜால்ரா போடும் மாணவரை நடிகர்களின் கண்ணில் படும்படி உட்காரவையுங்கள். எடுப்புக்கு முந்தைய அடியில் அவர் தலை அசைப்பது என்று ஒரு சைகை முடிவாகட்டும். ‘முன்னால் தாளம் போட்டுக் காட்டுகிறேன்’ என்று ஆசிரியர் சபையின் முதல் வரிசையில் நின்றால் பிள்ளைகள் பார்வை முழுக்க அவர் கையிலேயே ஒட்டிக்கொள்ளும். வள்ளி முருகனைப் பார்க்கவே மாட்டாள்.

இவை தயாரானதும் ‘வாசல் ஒத்திகை’ என்று தனியாக ஒன்று வையுங்கள். கடைசி இரண்டு வரி வசனம், பாட்டின் முதல் அடி, நிறுத்து. 8 பாட்டுக்கும் இதை மட்டும் வரிசையாக ஓட்டினால் 15 நிமிடத்தில் முடியும். பாட்டிலிருந்து வசனத்துக்குத் திரும்பும் இடமும் இதே மாதிரிதான்: கடைசி அடி, தீர்மானம் (மிருதங்கத்தின் முடிப்பு), அடுத்த வரி வசனம். தீர்மானம் முடியும் முன்பே பேசத் தொடங்கும் பிள்ளையின் முதல் மூன்று சொல் யாருக்கும் கேட்காது. 3-ஆம் வாரத்திலிருந்து தினமும் முதல் கால் மணி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

வாத்தியக்காரர்கள் கிடைக்கவில்லை. கரோக்கி வைத்துச் சமாளிக்கலாமா?
– மாணவி, சேலம்

சமாளிக்கலாம். ஆனால் டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. ஒருவர் ஒரு அடியை மறந்தால் மீதிப் பாட்டு முழுவதும் அவர் ஒரு பக்கம், டிராக் ஒரு பக்கம். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் மூன்று துண்டாக வெட்டிவையுங்கள்: முன்னிசை, பாட்டு, முடிவு. முன்னிசையின் கடைசி 2 ஆவர்த்தனம் திரும்பத் திரும்ப ஓடும்படி இருக்கட்டும். நடிகர் தயாரானதும் இயக்குபவர் பாட்டுத் துண்டைத் தட்டிவிடலாம். இயக்குவது ஒரே ஆளாக இருக்கட்டும், எல்லா ஒத்திகைக்கும் வரட்டும். போனிலிருந்து போடுவதானால் ஃபிளைட் மோடில் போடுங்கள். முருகன் காட்சி தருகிற நேரத்தில் யாரோ அழைத்து ரிங்டோன் சபை முழுக்க ஒலிப்பது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கவண் சுற்றிக்கொண்டே ஆலோலம் பாடினால் வள்ளிக்கு மூச்சு வாங்குகிறது.
– நடன ஆசிரியை, கோயம்புத்தூர்

பாடும் அடியில் கை மட்டும், அடிகளுக்கு நடுவே கால். இப்படிப் பிரித்தாலே பாதி தீரும். மூச்சு எடுக்கும் இடங்களைச் சாகித்தியத்தில் (பாட்டு வரிகளில்) புள்ளி வைத்துக் குறியுங்கள். சொல்லின் நடுவே வைக்காதீர்கள். துள்ளல் அதிகமான பாட்டில் ஓரமாக நிற்கும் 4 பேர் பின்பாட்டில் தாங்கட்டும்.

எங்களிடம் 3 ஸ்டாண்ட் மைக், 2 காலர் மைக். ஒத்திகையில் எல்லாம் சரி, விழா அன்று மைக் கூவுகிறது.
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், விழுப்புரம்

பெரும்பாலும் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தால் வருவது. ஸ்பீக்கர் பெட்டிகள் மைக் வரிசைக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் போய்விட்டால், அதில் வரும் ஒலியே திரும்ப மைக்குக்குள் நுழைந்து சுற்றும். அடுத்தது இடைவெளி. வாய்க்கும் மைக்குக்கும் 2 அடி என்றால், பக்கத்து மைக் குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டும், மூன்று பங்கு. 24 அடி மேடைக்கு 3 ஸ்டாண்ட் மைக் தாராளம். பேசாத நேரத்தில் காலர் மைக்கை மூடிவைக்க வேண்டும். அதற்கு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கையில் யார் எப்போது வருகிறார்கள் என்று குறித்த பிரதி வேண்டும். பெரும்பாலும் அவருக்கு யாரும் கொடுப்பதே இல்லை.

காலர் மைக்கை மார்பில் குத்தினால் வள்ளியின் பாசிமணி உரசி ‘கரகர’ என்று கேட்கும். மணிச்சரத்துக்கு மேலே, கழுத்தோரமாக ஒட்டுங்கள். பெட்டியை இடுப்பில் துணிப்பட்டையில் கட்டுங்கள், வியர்வை இறங்காமல் இருக்க. முழு ஒத்திகைக்கு ஒரு ஜோடி, விழாவுக்கு ஒரு ஜோடி என்று பேட்டரி புதிதாகப் போடுங்கள்.

ஆர்மோனியம் ஒரு ஓரத்தில் இருந்தால் மறு ஓரத்தில் நிற்பவருக்குச் சுருதி கேட்காது. நடிகர்களை நோக்கி ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கரில் ஆர்மோனியத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். பாடுபவர் குரல் அதில் வேண்டாம்.

நாடகத்துக்கு உரிமை வாங்க வேண்டுமா?
– மாணவர் தலைவர், மதுரை

சங்கரதாஸ் சுவாமிகள் காலமானது 1922-இல். அவர் எழுத்துக்கான பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதிய நாடகமோ மெட்டமைத்த பாட்டோ என்றால் கதை வேறு. ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. கல்வி நிலையத்தின் செயல்பாடாக ஆசிரியர்களும் மாணவர்களும் நடிக்க, பார்ப்பவர்கள் பள்ளியைச் சேர்ந்தவர்களும் பெற்றோரும் மட்டும் என்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு ஊருக்குத் திறந்தால் அதை நம்ப முடியாது. பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவதும் இந்த விலக்குக்குள் வராது. அனுமதி கேட்டு எழுதுங்கள்.

விழா அன்று காலையில் முழு ஒத்திகை வைக்கலாமா?
– ஆசிரியை, நாகர்கோவில்

வேண்டாம், குரல் மாலைக்குள் தேறாது. முழு உடையுடனான ஒத்திகை முந்தைய நாளோடு முடியட்டும். கிரீடம் நழுவுகிறதா, சலங்கைச் சத்தம் மைக்கில் ஏறுகிறதா, விருத்தன் வேடத்துக்கு மாற எத்தனை நிமிடம் ஆகிறது என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். அந்த உடைமாற்றம் 2 நிமிடத்தைத் தாண்டினால் தாடியைப் பசையில் ஒட்டாமல் நாடாவில் கட்டுங்கள். விழா அன்று மதியம் 40 நிமிடம் போதும்: ஒவ்வொருவருக்கும் மைக் பார்ப்பது, பிறகு எட்டு வாசலும் ஒருமுறை. பாடும்போது பாதிக் குரலில் பாடட்டும்.