மனைவியின் வயதை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது, மனைவிக்கு 51. தனியார் நிறுவன வேலை, 60 வயதில் ஓய்வு. சொல்லிக்கொள்ளும்படியான ஓய்வூதியம் கிடையாது. ஓய்வு பெறும்போது கையில் இருக்கப்போகும் தொகை, அப்போதைய எங்கள் ஆண்டுச் செலவைப்போல் 20 மடங்கு வரும். முழுவதையும் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது என் எண்ணம். இதற்கிடையே, வீடு வாங்குவதற்காக மகன் அதில் கால் பங்கு கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: சேமிப்பை ஆண்டுச் செலவின் மடங்காகச் சொன்னீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் மொத்தத் தொகையை மட்டும் எழுதிவிட்டு ‘போதுமா?’ என்பார்கள். செலவு தெரியாமல் அதற்கு என்ன பதில் சொல்வது?

வைப்பு வட்டியில் வரி போக மிஞ்சுவது, விலைவாசி உயர்வுக்கு ஈடுகொடுத்தாலே பெரிது. அப்படி ஈடுகொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 20 மடங்கு பணம் 20 ஆண்டுகள் ஓடும். உங்களுடைய 80வது வயதில் தீரும். ‘அதற்கு மேல் இருந்து என்ன செய்யப்போகிறேன்’ என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் அன்றைக்கு உங்கள் மனைவிக்கு 74 வயதுதான். பெண்கள் சராசரியாக ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அவர் 90 வரை இருந்தால், கடைசி 16 ஆண்டுகளை எதை வைத்து ஓட்டுவார்? ஒருவர் மறைந்தால் வீட்டுச் செலவு பாதியாகிவிடாது. மின்கட்டணம், வீட்டுப் பராமரிப்பு, மருத்துவம் எல்லாம் அப்படியே நிற்கும். ஆக, நீங்கள் திட்டமிட வேண்டியது 36 ஆண்டுகளுக்கு.

1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், தன் நாட்டுச் சந்தையின் பழைய விவரங்களை அலசிப் பார்த்தார். முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகள் பணம் தாங்கியது. நீங்கள் எடுக்கப்போவதோ 5 சதவீதம், அதுவும் 36 ஆண்டுகளுக்கு. இன்னொன்று: அவர் போட்ட கணக்கில் பாதிப் பணமாவது பங்குகளில் இருந்தது. முழுவதையும் வைப்பில் போடும் உங்கள் யோசனை எனக்கு உடன்பாடில்லாததற்கு அதுதான் காரணம்.

நான்கு ஆண்டுச் செலவை வைப்பில் வையுங்கள். ஓய்வு பெற்ற உடனேயே சந்தை சரிந்தால், பங்குகளை நஷ்டத்தில் விற்காமல் அதை வைத்துச் சமாளிக்கலாம். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பகுதியை, பங்குச்சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் குறியீட்டு நிதி போன்ற பங்குசார் திட்டங்களில் போடலாம். மீதியை அரசுப் பத்திரங்களுக்கும், வாழ்நாள் முழுவதும் மாதத்தொகை தரும் ஆன்யுட்டிக்கும் பிரிக்கலாம். ஆன்யுட்டி எடுக்கும்போது, உங்கள் காலத்துக்குப் பிறகும் மனைவிக்குத் தொகை தொடரும் கூட்டு ஆயுள் வகையையே கேளுங்கள். ஒற்றை ஆயுள் வகையில் மாதத்தொகை சற்று கூடுதலாகக் காட்டுவார்கள். அதில் மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

முடியுமானால் 62 வரை ஏதாவது சம்பாதியுங்கள், பகுதிநேர வேலையானாலும் சரி. வீட்டுச் செலவுக்கு அந்த வருமானம் போதுமானால் சேமிப்பு கரையாது. அது தாங்க வேண்டிய காலமும் 34 ஆண்டுகளாகக் குறையும். முதியோர் பெருகும் நாடுகளில் அரசுகளும் இதையேதான் செய்கின்றன. ஜெர்மனி ஓய்வு வயதைப் படிப்படியாக 67க்கு உயர்த்தி வருகிறது. ஜப்பானில் 65 வயதில் வாங்க வேண்டிய ஓய்வூதியத்தை 70 வரை தள்ளிப்போட்டால் 42 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும்.

மகன் விஷயத்தில் என் பதில்: இப்போது வேண்டாம். கால் பங்கு போனால் 20 மடங்கு 15 ஆகும். அதே கணக்கில் உங்கள் 75வது வயதில், மனைவிக்கு 69 ஆகும்போது, பணம் தீர்ந்துவிடும். மகனுக்கு வங்கிக் கடன் கிடைக்கும், அடைக்கச் சம்பளமும் இருக்கிறது. உங்கள் கை வறண்டால், அந்தத் தவணையோடு உங்கள் செலவும் அவர் தலையில்தான் விழும். இதை அவரிடம் எண்களோடு சொல்லுங்கள். சொல்லும்போது மனைவியும் உடன் இருக்கட்டும். எல்லா வங்கிக் கணக்குகளிலும் மனைவியின் பெயரைச் சேர்த்து, ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறைக்கு மாற்றிவிடுங்கள். இந்த மாதமே ஒருமுறை அவரே வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்துப் பார்க்கட்டும்.