வானிலைக் கேள்விகள்: கார்த்திகை போனால் மழையும் போய்விடுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழை, காற்று, பனி பற்றித்தான். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறவர்களுக்கு இந்த மாதங்களில் வேறு பேச்சு ஏது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"கார்த்திகைக்கு மேல் மழையில்லை, கர்ணனுக்கு மேல் கொடையில்லை என்று எங்கள் அப்பா அடிக்கடி சொல்வார். தீபம் முடிந்துவிட்டது. மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்துவிடலாமா ஐயா?"
வாசகர், குறிஞ்சிப்பாடி

அப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் கொட்டும். மார்கழி பிறந்த பிறகு தாழ்வுப் பகுதிகள் தெற்கே நிலநடுக்கோட்டுப் பக்கம் இறங்கிவிடும், வடக்கே நிலத்திலிருந்து வறண்ட காற்று வந்து மேகத்தைக் கலைத்துவிடும். காற்று அதே வடகிழக்குக் காற்றுதான், ஆனால் ஈரம் இருக்காது. பெரும்பாலான வருஷங்களில் இப்படித்தான்.

ஆனால் நம் மாவட்டத்துக்காரர்கள் அந்தப் பழமொழியை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30 காலை, அதாவது மார்கழி பாதியில். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் கார்த்திகையோடு கணக்கை முடிக்க மாட்டார்கள். 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்திலேயே மழை விடாமல் அடித்து, அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டது.

சரி, விதைக்கலாமா? விதைக்கலாம், ஆனால் நாள் பார்த்து. கையில் மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், அந்தப் பதம் வந்திருந்து அடுத்த நான்கைந்து நாளைக்குக் கனமழை அறிவிப்பும் இல்லையென்றால் விதையுங்கள். விதைத்த மறுநாள் தண்ணீர் தேங்கினால் பருப்பு அழுகிவிடும், அதுதான் பயம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைத் தூள்) கலந்து விதையுங்கள், வடிகாலை விதைப்புக்கு முன்பே வெட்டி வையுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள்.

"துறைமுகத்தில் 5ஆம் எண் கூண்டு, 6ஆம் எண் கூண்டு என்கிறார்களே, 6 என்றால் 5-ஐவிடப் பெரிய புயலா? எங்கள் வீட்டில் இரண்டு ஃபைபர் படகு இருக்கிறது. அப்பாவும் அண்ணனும் எண் ஏறுவதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்."
கல்லூரி மாணவி, தேவனாம்பட்டினம்

நல்ல கேள்வி கேட்டாய் தங்கச்சி. ஒவ்வொரு புயலுக்கும் இந்தக் குழப்பம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1-ம் 2-ம் தூரத்து எச்சரிக்கை, கடலில் எங்கோ ஒன்று உருவாகியிருக்கிறது என்று பொருள். 3-ம் 4-ம் நம் துறைமுகத்துக்கே காற்று வரலாம் என்பது. 5, 6, 7 மூன்றும் அபாயம், பலம் மூன்றுக்கும் ஒன்றுதான், புயல் எந்தப் பக்கமாகப் போகும் என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 அதே மூன்று பக்கம், ஆனால் தீவிரப் புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது பக்கத்துக்கு வருவோம். 5 ஏற்றினால் புயலின் பாதைக்கு இடது பக்கம் துறைமுகம் இருக்கும், 6 என்றால் வலது பக்கம், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில். இடது வலது யாருடையது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நீயே புயல் என்று வைத்துக்கொள், கடலிலிருந்து கரையைப் பார்த்து மேற்கே வருகிறாய், உன் இடது கை தெற்கு. அப்படியானால் கடலூரில் 5 ஏற்றினால் புயல் நமக்கு வடக்கே, புதுச்சேரி, மரக்காணம் பக்கம் கடக்கும். 6 ஏற்றினால் நமக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் பக்கம்.

இதில் எது நமக்கு மோசம்? படகு வைத்திருப்பவர்களுக்கு 6. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அது தெற்கே கடந்தால் வடக்கே இருக்கும் நமக்குக் காற்று கிழக்கிலிருந்து, கடலிலிருந்து நேராக அடிக்கும், கடலை அள்ளிக் கரைமேல் தள்ளும். வடக்கே கடந்தால் காற்று மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், மரமும் ஓடும் பறக்கும், ஆனால் கடல் அந்த அளவுக்கு ஏறாது. ஆக 6-ம் 9-ம் ஏறினால் படகை மணல்மேட்டில் இழுத்துப் போட்டால் போதாது, ஊருக்குள் தெருவரை ஏற்றிவிடச் சொல். எஞ்சினையும் வலையையும் முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இன்னொன்று. தானே புயல் அன்று எங்கள் தெருவில் முதலில் வடக்குக் காற்று. வாசல் வேம்பு தெற்கே சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது, விழவில்லை. பிறகு கொஞ்ச நேரம் தணிந்தது. அப்பாடா என்று கதவைத் திறந்து வெளியே வந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டுகூட நின்றோம். அப்புறம் திசை மாறி எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது பார், அதுவரை நின்ற வேம்பு வேர்மண்ணோடு பெயர்ந்து, நாங்கள் நின்ற இடத்திலேயே விழுந்தது. நாங்கள் உள்ளே ஓடி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. புயலின் கண் பக்கத்தில் கடக்கும்போது காற்று நிற்பது ஓய்வு இல்லை. கரையைக் கடந்துவிட்டது, வலுவிழந்துவிட்டது என்று அறிவிப்பு வருகிறவரை அண்ணனை வாசலுக்கே விடாதே.

"ஓரிரு இடங்களில் கனமழை என்கிறார்கள், லாஸ்பேட்டையில் ஒரு சொட்டு இல்லை. பிள்ளைகளுக்கு லீவு விட்டதுதான் மிச்சம். எதற்கு இந்த அறிவிப்பு?"
இல்லத்தரசி, புதுச்சேரி

அந்த வார்த்தைகளுக்குக் கணக்கு இருக்கிறது அம்மா. ஓரிரு இடங்கள் என்றால் அந்த வட்டாரத்தில் மழைமானி வைத்திருக்கும் இடங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாது. ஒருசில இடங்கள் என்றால் பாதி வரை, பல இடங்கள் என்றால் முக்கால் பங்கு வரை, அதற்கும் மேலே போனால்தான் பெரும்பாலான இடங்கள். கனமழை என்பது ஒரு நாளில் ஏறக்குறைய 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர், மிக கனமழை 20 வரை, அதைத் தாண்டினால் அதி கனமழை. ஓரிரு இடத்தில் கனமழை என்று சொல்லி உங்கள் தெரு காய்ந்து கிடந்தால், மழை இல்லாத மீதி முக்கால் பங்கு ஊர்களில் உங்களதும் ஒன்று, அவ்வளவுதான். அறிவிப்பு தப்பவில்லை.

லீவு வீண் என்று நினைக்காதீர்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையேறி, புதுச்சேரியை ஒட்டியே பல மணி நேரம் நகராமல் நின்றது. மறுநாள் காலைக் கணக்கில் புதுச்சேரியில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர், பக்கத்தில் மயிலத்தில் அதைவிடக் கூடுதல். ஒரு பருவத்தில் பெய்ய வேண்டிய மழையில் பெரும்பகுதி ஒரே நாளில்! மேகம் எங்கே நிற்கும் என்று தெரு வரைக்கும் யாராலும் சொல்ல முடியாது. செல்போனில் மேகப் படத்தைவிட்டு மணிக்கொரு முறை ரேடார் படத்தைப் பாருங்கள், காரைக்கால் ரேடாரும் சென்னை ரேடாரும் நம் இரண்டு ஊரையும் காட்டும்.

"மழை விட்டு வெயில் அடித்த பிறகு எங்கள் தெருவில் வெள்ளம் வந்தது. இது எப்படி?"
வாசகர், கடலூர் மஞ்சக்குப்பம்

நாம் இருப்பது ஆற்றின் வாயில். தென்பெண்ணைக்கு நந்தி மலையில் பிறப்பு, கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் எல்லாம் தாண்டி கடைசியாக நம்மிடம் வருகிறது. ஃபெஞ்சல் கரையேறிய பிறகு உள்மாவட்டங்களுக்குப் போய்க் கொட்டியது, சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி வரை திறந்தார்கள். நம் வானம் தெளிந்த பிறகு அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தது. அதனால் ஆற்றோரம் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: கடலூர் மழையைப் பார்ப்பதோடு சாத்தனூர் நீர்மட்டத்தையும் திறப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாகூர்க்காரர்களுக்கும் இதே கதைதான். வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி, அதற்கு வீடூர் அணை. புத்தகமும் பத்திரமும் அரிசியும் மாடிக்குப் போக வேண்டிய நேரம் அணை திறக்கிற நேரம், தெருவில் தண்ணீர் தெரிகிற நேரம் அல்ல.

"ஊட்டியில் உறைபனி என்று டி.வி.யில் காட்டுகிறார்கள். எங்கள் ஊரிலும் விடியற்காலையில் வைக்கோல் போர் வெள்ளையாகத் தெரிகிறது. இங்கேயும் உறைபனி வருமா?"
ஒன்பதாம் வகுப்பு மாணவன், நெல்லிக்குப்பம்

வராது தம்பி. நீ பார்ப்பது பனித்துளி, சாய்வாக வெளிச்சம் விழுந்தால் வெள்ளையாகத் தெரியும், விரலால் தொட்டுப் பார், தண்ணீர்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மழை ஓய்ந்து வானம் தெளிந்து காற்றும் அசையாத ராத்திரியில் தரைச் சூடு எல்லாம் மேலே போய்விடும், குளிர்ந்த காற்று கனமானது, அது சரிந்து தலைகுந்தா மாதிரிப் பள்ளமான இடங்களில் தேங்கும். அங்கே புல் நுனி பூஜ்யம் டிகிரிக்குப் போய்விடும், தேயிலைக் கொழுந்து வெந்ததுபோல் கருகும்.

நமக்குப் பக்கத்திலேயே வெதுவெதுப்பான கடல். காற்றில் ஈரம் வேறு அதிகம், அந்த ஈரம் துளியாக மாறும்போது சூட்டை வெளியே விடும், அதனால் நம் ஊர் ராத்திரி 20 டிகிரியை ஒட்டி நின்றுவிடுகிறது. ஆனாலும் "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் சொன்னது நம் வாடைக்காற்றை அனுபவித்துத்தான். சைக்கிளில் பள்ளிக்குப் போனால் காதை மூடிக்கொள்.

"என் சம்பா கதிர் வெளியே வருகிற நேரம். காலை ஒன்பது மணி வரை இலையில் பனி காயவில்லை, பழுப்புப் புள்ளி தெரிகிறது."
விவசாயி, பாகூர்

புள்ளி நடுவில் சாம்பல் நிறமாக, இரு முனையும் கூர்ந்து கண் வடிவில் இருந்தால் அது குலைநோய். குளிர்ந்த ராத்திரியும் காயாத இலையும்தான் அதற்குத் தீனி. யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள், தழைச்சத்து ஏறினால் நோய் இன்னும் ஓடும். இப்போது விட்டால் கதிரின் கழுத்தைப் பிடிக்கும், கழுத்தில் வந்துவிட்டால் மணி பதராகிவிடும், பிறகு மருந்து அடித்துப் பயனில்லை. புள்ளி விழுந்த இலை நாலைந்தைப் பறித்துக்கொண்டு நாளைக் காலையே வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள்.