நிறைவா, தெவிட்டலா?

கேள்வி: எங்கள் அதிபர் அம்மாவின் ஓய்வு விழாவுக்கு நான் எழுதிய ஆங்கில வாழ்த்து மடலில் 'ஃபுல்சம் பிரெய்ஸ்' (fulsome praise) என்று புகழ்ச்சியாகப் போட்டிருந்தேன். ஆங்கில ஆசிரியர் அதை வெட்டிவிட்டார். அகராதியில் 'ஃபுல்சம்' என்பதற்கு 'நிறைவான' என்ற பொருள் இருக்கிறதே, அவர் செய்தது சரியா?
– வாசகர், கல்லாறு

பதில்: சரிதான். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

அகராதியும் பொய் சொல்லவில்லை. 'ஃபுல்' என்ற நிறைவிலிருந்து பிறந்த சொல் அது, ஏறக்குறைய 700 வருடத்துக்கு முன்னால் ஏராளம், தாராளம் என்றுதான் பொருள். அப்புறம் நிறைவு கூடிப்போனது. சட்டித் தயிருக்குப் பாணி ஊற்றிச் சாப்பிடும்போது முதல் கோப்பை அமிர்தம், மூன்றாவது தெவிட்டும், அதற்கு மேலும் யாராவது அன்பாக அள்ளி வைத்தால் ஓங்காளம் வரும். அந்தச் சொல்லும் இதே வழியில் போய், 1660களில் புகழ்ச்சியோடு ஒட்டிக்கொண்டபோது கேட்கவே கூச்சமான முகஸ்துதி என்று ஆகிவிட்டது. 1960களுக்குப் பிறகு பழைய நல்ல பொருளிலும் பலர் எழுதத் தொடங்கியதால் இன்றைய அகராதிகளில் இரண்டும் இருக்கின்றன. எந்தப் பொருளில் எடுப்பது என்பது வாசிப்பவர் கையில், பக்கத்தில் நின்று விளக்க உங்களால் முடியாது.

நாற்றம் என்றால் பழந்தமிழில் நறுமணம். அதை நம்பி, அதிபருக்குப் போட்ட மல்லிகை மாலை நாறுகிறது என்று மேடையில் சொல்வீர்களா?

எனக்குக் கோபம் அந்தச் சொல்லின் மேல் இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் வீட்டுச் சுவரில் வருடக்கணக்காகத் தொங்கப்போகிற மடலுக்கு, அவரைப் பற்றி யோசிக்காமல் அகராதியைப் புரட்டியிருக்கிறீர்களே, அதுதான். உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: 2004 சுனாமிக்குப் பிறகு கட்டடம் இல்லாத நாட்களில், கிடுகுக் கொட்டிலுக்குள் பிள்ளைகளை இருத்தி, ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணிவிட்டுத்தான் பாடம் தொடங்குவாராம், இனி வரமாட்டாத பிள்ளைகளின் பெயர்களையும் இடாப்பிலிருந்து வாசிப்பாராம். இது மடலில் எங்கே? நீங்கள் அனுப்பிய பிரதியை இரண்டு தரம் பார்த்தேன், இல்லை.

அதை முதல் பந்தியில் போடுங்கள், எளிய ஆங்கிலத்தில். புகழ்ச்சிக்கு அடைமொழி வேண்டுமென்றால் 'ஜெனரஸ்' (generous, தாராளமான) போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை. எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன் அதே ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.