பாதியில் விடக்கூடியவை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்தை ஐந்தாறு வருடமாகப் படித்துவருகிறேன். எனக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. உங்களுக்கும் பெண் பிறந்திருக்கிறாள் என்று ஒரு கட்டுரையின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கத் துணிகிறேன். பிரசவத்துக்கு முன்னால் மாதம் நாலு புத்தகம் படித்துக்கொண்டிருந்தவள் நான். விடுப்பில் படிக்கலாம் என்று தடித்த ரஷ்ய நாவல் ஒன்று வாங்கி வைத்தேன். இன்று வரை பதினோரு பக்கம். அந்தப் பதினோரு பக்கத்தையும் மூன்று தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் யார் யார் என்று மறந்துபோகிறது. பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். ரசனையே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள், என்ன பார்க்கிறீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள். குழந்தைக்கு எதைக் காட்டலாம் என்றும் சொன்னால் நல்லது.

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

மழுப்பாமலே சொல்கிறேன். என் தலைமாட்டிலும் ஒரு தடித்த நாவல் இருக்கிறது. பால்புட்டி சாயாமல் இருக்க அதை அண்டக் கொடுத்திருக்கிறேன். என் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. நாவல் இன்னும் திறக்கவில்லை.

ரசனை எங்கேயும் போகவில்லை. ஒரு விஷயத்தை முக்கால் மணி நேரம் விடாமல் பிடித்துக்கொள்ளும் சக்திதான் இப்போதைக்குப் போயிருக்கிறது. ராத்திரி மூன்று தடவை எழுப்பப்பட்ட யாராலும் ரஷ்யப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு ஆளுக்கு மூன்று பெயர் வேறு.

முதல் மாதம் நானும் உங்களைப் போலத்தான் பயந்தேன். அப்புறம் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பாதியில் கீழே வைத்தால் கோபித்துக்கொள்ளாத புத்தகம்தான் இனிமேல் கையில். அப்படித் தேடியபோது முதலில் அகப்பட்டது குறுந்தொகை. பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு வரி. அவள் ஒரு பக்கம் பால் குடித்து முடிப்பதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். ஒரு கையில் அவள், மறு கையில் போன். பாட்டை இரண்டு தடவை படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அப்புறம் இருட்டில் அது தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் விளக்கைப் போட்டுப் பார்த்தால் அவள் காது மடலில் என் சட்டைத் தையல் அப்படியே கோடாகப் பதிந்திருந்தது. எவ்வளவு நேரம் அந்த ஆறு வரிக்குள்ளேயே இருந்தேன் என்பதற்கு அந்தக் கோடுதான் கணக்கு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் முப்பது பாட்டுப் படித்து அடிக்கோடு போட்டுத் தள்ளியவள் நான். உண்மையைச் சொன்னால் அப்போது ஒன்றும் படிக்கவில்லை.

இரண்டாவது, ஜப்பானிய அரண்மனையில் ஆயிரம் வருடத்துக்கு முன்பு பணிபுரிந்த செய் ஷோனகானின் 'தலையணைப் புத்தகம்'. முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம், எங்கே வேண்டுமானாலும் மூடலாம். அதில் எரிச்சலூட்டும் விஷயங்களின் பட்டியல் ஒன்று உண்டு. யாரோ சுவாரசியமான சேதி ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்துக் குழந்தை அழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்த சத்தத்தில் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, நீங்கள் பள்ளியில் படித்து மனப்பாடம் செய்து மறந்திருக்கக்கூடிய ஒன்று. புறநானூறு 188, பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. மொத்தமே ஏழு வரி. குழந்தை இல்லாதவருக்கு வாழ்நாளில் பயன் இல்லை என்று முடியும். அந்தக் கருத்தோடு எனக்குச் சம்மதமில்லை, அந்தச் சொல்லால் எத்தனை பெண்கள் நொந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் நடுவில் இருக்கும் வினைச்சொற்களைப் பாருங்கள். இட்டும், தொட்டும், கவ்வியும், துழந்தும், விதிர்த்தும். சாப்பாட்டை ஒரு குழந்தை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஐந்தே ஐந்து வினை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காத ஒருவனுக்கு 'துழந்தும்' கிடைத்திருக்காது. என் மகள் இன்னும் 'கவ்வியும்' வரைக்கும்தான் வந்திருக்கிறாள். கவ்வுவது என் தோளை.

இப்படித்தான் நான் மாறிப்போயிருக்கிறேன். எதைப் படித்தாலும் பக்கத்தில் கிடக்கும் ஆளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறேன். பெரியாழ்வாரிடம் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். போன வாரம் காலையில் துணி மாற்றும்போது அவள் தன் வலது காலைப் பிடித்துவிட்டாள். முதலில் பெருவிரல் நழுவியது. மறுபடி பிடித்தாள். இரண்டு கையாலும் இழுத்து, முகத்தைச் சுளித்து, கடைசியில் வாய்க்குள் கொண்டுபோய்விட்டாள். போய்ச் சேர்ந்ததும் முகத்தில் ஒரு ஆச்சரியம், இது யாருடையது என்பதுபோல. கண்ணனைப் பாதத்திலிருந்து முடி வரை ஒவ்வொரு உறுப்பாக 'வந்து காணீரே' என்று காட்டிக்கொண்டுபோகும் பெரியாழ்வார் பாசுரங்களில், முதல் பாசுரமே இதுதான். குழந்தை பிடித்துச் சுவைக்கும் பாதம். கல்லூரியில் அதை பக்தி என்று படித்தேன், தாமரை உவமை என்று படித்தேன். அது ஐந்தாறு மாதக் குழந்தை செய்கிற ஒரு குறிப்பிட்ட காரியம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் ஒருவர் அதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

அங்கிருந்து பிள்ளைத்தமிழுக்குப் போனேன். பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு என்று பரீட்சைக்குப் படித்தது. இப்போது அதை மாதக் கணக்காகப் பார்க்கிறேன். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம். செங்கீரை என்றால் ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள் என்று டாக்டர் சொல்வதும் இதைத்தான். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவத்தைத் தரையில் அவள் எதிரே நானும் குப்புறப் படுத்துக்கொண்டு வாசித்தேன். பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. அவளுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை, சந்தம் உருண்டு வரும்போதெல்லாம் காலை உதைத்தாள். உங்கள் குழந்தை காப்புப் பருவத்தில் இருக்கிறது. தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக் காவல் நிற்கச் சொல்லும் பருவம். முதல் மூன்று மாதத்தின் பயம் அதில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்று உறுத்தத் தொடங்கியது. அறிவுடைநம்பி ராஜா. குமரகுருபரர் துறவி. பெரியாழ்வார் தாயாகப் பாவித்துப் பாடியவர். ஆண்டாளைக் கண்டெடுத்து வளர்த்தவர் என்பது மரபு, அதனால் அவரை மட்டும் கொஞ்சம் நம் கட்சியில் சேர்க்கலாம். குழந்தையைப் பற்றி எனக்குப் பிடித்ததையெல்லாம் எழுதியவர்கள் கை காலியாக இருந்தவர்கள்.

ஓவியத்திலும் இதே கதை. பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோ 1872-இல் வரைந்த 'தொட்டில்' இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் பார்த்தது திரையில்தான். மெல்லிய வலைத்துணிக்குள் குழந்தை தூங்குகிறது, பக்கத்தில் தாய் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரிதாக்கிப் பாருங்கள். தாயின் கை மடிந்திருப்பது போலவே உள்ளே குழந்தையின் கையும் மடிந்திருக்கும். இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற ஓவியர் குழு 1874-இல் நடத்திய முதல் கண்காட்சியில் வைக்கப்பட்ட படம். அந்தத் தாய் மொரிசோவின் அக்கா எட்மா. இரண்டு பேரும் சேர்ந்தே ஓவியம் கற்றவர்கள், 1864-இல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியில் இருவர் படமும் இடம்பெற்றது. 1869-இல் கல்யாணம் ஆனதோடு எட்மா தூரிகையைக் கிட்டத்தட்ட வைத்துவிட்டார். படம் வரைந்தபோது தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருக்குப் பெண் பிறந்தது 1878-இல்தான்.

இது தெரிந்த பிறகு எட்மாவின் பார்வையை என்னால் வாத்சல்யம் என்று மட்டும் பார்க்க முடியவில்லை. எனக்கு அதில் அலுப்புத் தெரிகிறது, ஒரு கணக்குத் தெரிகிறது. இது தூங்கியதும் நான் என்ன செய்யலாம் என்கிற கணக்கு. சும்மா என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் போடாத தாய் யார்?

அமெரிக்க ஓவியர் மேரி கஸாட்டோ குழந்தையே பெற்றவர் இல்லை. ஆனாலும் 1893-இல் அவர் வரைந்த 'குழந்தையின் குளியல்' படத்தில் அந்தப் பிடி சரியாக இருக்கிறது. ஒரு கை இடுப்பைச் சுற்றி அணைத்திருக்க மறு கை பாதத்தைப் பிடித்திருக்கும். வழுக்கிவிடக் கூடாது என்கிற அழுத்தம் விரல்களில் தெரியும். மேலிருந்து பார்க்கும் அந்தக் கோணம் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளிடம் அவர் கற்றது என்பார்கள். இருக்கட்டும், குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனவர்களுக்கு அது தினசரிக் கோணம்.

எழுதியே தீர்த்தவர்களும் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் பதிப்பாசிரியர் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, விடிவதற்கு முன் எழுந்து எழுதினார். அவரை வணங்குகிறேன். இந்த வருடம் பின்பற்றுவதாக இல்லை.

அப்படியானால் கை காலியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? வாய் காலியாக இருந்தது, பாடினார்கள். பெயர் தெரியாத நாட்டுப்புறத் தாலாட்டுகள்தான் தாய்மார்களே செய்த கலை. யார் அடித்து நீ அழுதாய் என்று ஒவ்வொரு உறவாகப் பெயர் சொல்லிக் கேட்கும் பாட்டை யோசித்துப் பாருங்கள். அடித்ததெல்லாம் பூச்செண்டால்தான். ஆனாலும் புகுந்த வீட்டார் ஒருவர் விடாமல் பட்டியலில் வந்துவிடுகிறார்கள். குழந்தையைச் சாக்கிட்டு மனசில் இருப்பதைச் சொல்லிக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான வடிவம் கிடையாது. நானும் பாடுகிறேன். என் பட்டியலை இங்கே எழுதுவதாக இல்லை.

சேர்த்துக் கேட்க, இரயிம்மன் தம்பியின் 'ஓமனத்திங்கள் கிடாவோ'. 1813-இல் பிறந்து பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான சுவாதித் திருநாளுக்காக எழுதப்பட்ட மலையாளத் தாலாட்டு. இது பிறையோ, இது தாமரையோ என்று கேள்வியாகவே போகும். தூங்கு என்ற சொல் பாட்டில் எங்கேயும் வராது. தூங்கு தூங்கு என்றால் அவர்களுக்குப் பிடிக்காது என்பதை அந்த ஆளும் கண்டுபிடித்திருக்கிறார்.

எங்களுக்கு வந்த பொம்மைகளில் மூன்று ஒரே மெட்டை வாசிக்கின்றன. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் தாலாட்டு. முதல் வாரத்திலேயே பேட்டரியைக் கழற்றத் தோன்றியது. அப்புறம்தான் அதன் கதை தெரிந்தது. 1868-இல் தோழி பெர்த்தா ஃபாபருக்கு இரண்டாவது பையன் பிறந்தபோது எழுதியது. பெர்த்தா முன்பு ஒரு காலத்தில் தனக்குப் பாடிக்காட்டிய பழைய காதல் பாட்டு ஒன்றை பிராம்ஸ் பியானோவின் பக்கவாத்தியத்துக்குள் ஒளித்துவைத்தார். குழந்தைக்கு மேலே மெட்டு, அம்மாவுக்குக் கீழே அவள் பாட்டு. பொம்மையில் மேல் மெட்டு மட்டும்தான் வருகிறது. அம்மாவின் பங்கை வெட்டிவிட்டார்கள்! ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள், பியானோவின் பக்கம் காதை வைத்து.

பாட்டுக் கேட்டால் தூங்கிவிடுகிறேன் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்ற இசைத் தொகுப்பு, 1741-இல் வெளியானது, தூக்கம் வராத ஒரு பிரபுவுக்காக எழுதப்பட்டது என்று ஒரு கதை உண்டு. கதையை ஆராய்ச்சியாளர்கள் நம்புவதில்லை. நான் நம்ப முடிவு செய்திருக்கிறேன். பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் அதை இரண்டு தடவை பதிவு செய்தார்: 1955-இல் சுமார் 38 நிமிடம், 1981-இல் சுமார் 51. முன்பு எனக்கு முதலாவதுதான் உயிர், அந்த வேகத்துக்காக. இப்போது இரண்டாவது. மெதுவாகத் தொடங்குகிறது, பின்னால் அவர் முணுமுணுத்துக்கொண்டே வாசிப்பது கேட்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அறையில் இன்னொரு ஆள் விழித்திருப்பதுபோல. அதன் முப்பது வேரியேஷனில், அதாவது மாற்று வடிவங்களில், நாலாவதைத் தாண்டியது இல்லை. தூங்கிவிட்டால் என்ன, தூங்குங்கள்.

வள்ளுவரின் குழலையும் யாழையும் நினைவூட்டி வாழ்த்து அனுப்பியவர்களுக்கு ஒன்று: குறள் 66-இல் அவர் மழலைச்சொல்லைத்தான் சொல்கிறார். அழுகையைச் சொல்லவில்லை. மழலை வர என் மகளுக்கே இன்னும் மாசக்கணக்கு ஆகும்.

ஒன்றை மட்டும் இப்போது பார்க்காதீர்கள், கேத்தே கோல்விட்ஸ் 1903-இல் செய்த 'இறந்த குழந்தையுடன் ஒரு பெண்'. எனக்கு மிகவும் பிடித்த கலைஞர். அவர் படங்கள் உள்ள புத்தகத்தின் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், காரணம் சொல்லப்போவதில்லை.

கடைசிக் கேள்வி, குழந்தைக்கு எதைக் காட்டலாம் என்பது. பிறந்த புதிதில் அவர்களுக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. மூன்று மாதத்தில் இன்னும் தள்ளியும் தெரிய ஆரம்பித்திருக்கும், என்றாலும் அழுத்தமான கறுப்பு வெள்ளை சுலபமாகப் பிடிபடும். துணி மாற்றும் இடத்துக்கு மேலே நான் முதலில் கஸாட்டின் படத்தைத்தான் ஒட்டினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. ஆங்கிலேய ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961-இல் வரைந்த 'சதுரங்களில் அசைவு' படத்தை அச்செடுத்து ஒட்டியதும் உதைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நடுவில் போகப்போக ஒடுங்கி, ஒரு மடிப்புக்குள் விழுவதுபோல இருக்கும். இரண்டு மாதம் அதுதான் ராஜ்ஜியம்.

இப்போது அதுவும் பழசாகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்குச் சன்னல் கம்பிகளின் நிழல் எதிர்ச் சுவரில் சாய்வாக விழுகிறது. கழுத்தை வளைத்து அதைத்தான் பார்க்கிறாள். நேற்று நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். கோடுகள் ஒரே அகலம் இல்லை, கீழே போகப்போக மங்குகின்றன. நாலரைக்குள் அலமாரி வரை நகர்ந்து போய்விடுகிறது.

அன்புடன்,
அக்கா