பாதிப் படத்துக்கு முழுத் தீர்ப்பா?

கேள்வி: நான் எல்லாப் படங்களையும் வீட்டில்தான் பார்க்கிறேன். பெயர் பெற்ற படங்களின் இரண்டாம் பாகங்களாகப் பார்த்து இரண்டு மாதமாக வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. பலவற்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் முடிக்க முடிந்தது. ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தை முக்கால்வாசியோடு நிறுத்திவிட்டேன். இதைச் சொன்னால், ‘தியேட்டரில் பார்க்காதவன் கருத்துச் சொல்லக் கூடாது’ என்று நண்பர்கள் வாயை அடைக்கிறார்கள். முதல் படம் ஓடியது என்பதற்காக இரண்டாவது எடுக்கும் வழக்கத்தையே நிறுத்தினால் என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு. நீங்கள் சொல்வதும் தவறு. முதலில் நண்பர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ 1994-ல் தியேட்டருக்கு வந்தபோது ஓடவில்லை. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை. அதற்கு மேல் அந்தப் படத்தைக் காப்பாற்றியவர்கள், வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்களும் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களும்தான். இன்று உலகமே கொண்டாடுகிற படம் அது. 1982-ல் வந்த ‘பிளேட் ரன்னர்’ கதையும் ஏறக்குறைய இதேதான். தியேட்டரில் கைவிடப்பட்ட படம், வீட்டில் பார்த்தவர்களால் பெரிய படமானது. 35 வருஷம் கழித்து, 2017-ல், அதற்கு ஓர் அடுத்த பாகமே வந்தது. மலையாள ‘த்ரிஷ்யம்’ படத்தின் இரண்டாம் பாகம் 2021-ல் நேராக ஓடிடியில்தான் வெளியானது. அதைப் பாராட்டியவர்கள் எல்லோருமே வீட்டில் பார்த்தவர்கள். அவர்கள் பேச்சையெல்லாம் தள்ளிவிட முடியுமா? ஆகவே, வீட்டில் பார்த்தீர்கள் என்பதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். எங்கே பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எப்படிப் பார்த்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் சுமார் மூன்று மணி இருபது நிமிடம். முக்கால்வாசியோடு நிறுத்தினீர்கள் என்றால் கடைசி ஐம்பது நிமிடத்தை நீங்கள் பார்க்கவில்லை. அந்த ஐம்பது நிமிடத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு சாப்பாட்டு மேஜைக் காட்சி வருகிறது. கதை 1941-க்குப் பின்னோக்கிப் போகிறது. அப்பாவின் பிறந்தநாள். பிள்ளைகள் கூடி, கேக்கை வைத்துக்கொண்டு, அவர் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். கடைக்குட்டிப் பையன் மைக்கேல், தான் ராணுவத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறான். மூத்தவன் கொதிக்கிறான். ஃப்ரெடோ என்கிற அண்ணன் ஒருவன் மட்டும் வாழ்த்துச் சொல்லிக் கை கொடுக்கிறான். அந்தக் கையையும் மூத்தவன் தட்டிவிடுகிறான். அப்பா வந்த சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து ஓடுகிறார்கள். மைக்கேல் மட்டும் மேஜையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அடுத்த அறையிலிருந்து பாட்டும் சிரிப்பும் கேட்கின்றன. அப்பாவின் முகத்தை நமக்குக் காட்டுவதே இல்லை. அவ்வளவுதான் காட்சி. அன்றைக்குக் கை கொடுத்த ஃப்ரெடோவுக்கு வளர்ந்து பெரியவனான மைக்கேல் என்ன செய்கிறான் என்பது, நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அப்புறம் வருகிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அது தெரிந்தபின் அந்த மேஜையைப் பார்ப்பவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மூன்று மணி நேரமும் இந்த ஒரு மேஜைக்காகத்தான் நம்மை உட்கார வைத்திருந்தார்கள் என்று எனக்குப் பட்டது. 

இந்தப் படத்தைத்தான் ‘தேறவில்லை’ என்கிற உங்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற முதல் இரண்டாம் பாகம் இதுதான் என்பதற்காக உங்களுக்கும் பிடித்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முழுக்கப் பார்த்துவிட்டு ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் வாதாடுவதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை.

ஒன்றரை மடங்கு வேகம் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் இந்த வசதியை 2019-ல் சோதித்துப் பார்த்தபோதே சில இயக்குநர்கள் பகிரங்கமாக எதிர்த்தார்கள். மறு வருஷம் வசதி வந்தேவிட்டது. வேகமாகக் கேட்டே பழகிய பார்வையற்றவர்களுக்கு அது உதவுகிறது, வரவேற்கிறேன். பாடம் கேட்கிறவர்களுக்கும் உதவும். ஆனால் ஒரு நடிகர் பதில் சொல்லும் முன் மூன்று விநாடி பேசாமல் இருக்கிறார் என்றால், அந்த மூன்று விநாடியும் நடிப்புதான். அதை இரண்டு விநாடியாக்கினால், தயங்கிச் சொன்ன பதில் சட்டென்று சொன்ன பதிலாக மாறிவிடும். பாத்திரத்தின் குணமே வேறாகிவிடும். அப்புறம் ‘பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை’ என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. ஒட்டுவதற்கு நேரம் கொடுத்தால்தானே ஒட்டும்?

இன்னொரு காரணம் உங்கள் டிவிக்குள்ளேயே இருக்கலாம். சினிமா பெரும்பாலும் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள், என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. இப்போதைய டிவிகள் பலவற்றில், அந்த 24 பிரேம்களுக்கு நடுவே தானாகவே புது பிரேம்களை உண்டாக்கிச் செருகும் ஒரு வசதி இருக்கிறது. விளையாட்டுப் போட்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். படம் பார்த்தால், கோடிகளைக் கொட்டி எடுத்த காட்சிகூட ஸ்டூடியோவில் வீடியோ கேமரா வைத்துப் பிடித்த மாதிரித் தெரியும். 2018-ல் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மக்குவாரியும் சேர்ந்து, ‘அதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள்’ என்று கேட்டு ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. இந்த மாதிரி வேலைகளையெல்லாம் அது ஒரே தட்டில் நிறுத்திவிடும். உங்கள் டிவியின் பட அமைப்புகளில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், அசைவைச் சீராக்கும் அமைப்பைத் தேடி அணையுங்கள்.

ஒலி விஷயத்தில் நானே தவறியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்து ஓர் இரண்டாம் பாகத்தைப் பார்த்தேன். சண்டை வரும்போது குறைப்பதும், பேச்சு வரும்போது கூட்டுவதுமாகவே இரவு போனது. ‘வசனத்தில் உயிர் இல்லை’ என்று மறுநாள் நண்பர் ஒருவருக்கு எழுதினேன். ஒரு வாரம் கழித்து அதே படத்தை ஹெட்போனில் கேட்டேன். மூச்சோடு மூச்சாகப் பேசிய எத்தனையோ வரிகள் முதல் தடவை எனக்குக் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தியேட்டரில் பேச்சுக்கென்று திரைக்குப் பின்னால் நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கும். டிவியில் வெடியும் பேச்சும் மழையும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் வழியாகவே வந்தாக வேண்டும். நண்பருக்கு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு கடிதம் எழுதினேன். சப்டைட்டில் போட்டுப் பார்ப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை.

இரண்டாம் பாகத்துக்கு இயல்பிலேயே ஒரு பாதகமும் உண்டு. முதல் பாகத்தை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? அதன் வசனம் உங்களுக்கு மனப்பாடம். அதைப் பார்த்த வயதும், கூட இருந்தவர்களும் சேர்ந்து அந்தப் படத்தை மனதில் இன்னும் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் இரண்டாவதை ஒரே ஒரு சாயங்காலம், அதுவும் கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு எடை போடுகிறோம். தராசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துதானே இருக்கிறது?

உங்கள் கோபம் சரியாக இருக்கிற இடமும் உண்டு. முதல் பாகத்தில் செத்தவனை எழுப்பி, வில்லன் பெயரை மாற்றி, அதே காட்சிகளைப் பெரிய செட்டில் திரும்ப எடுத்துத் தருகிறார்களே, அந்தப் படங்களுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். முதல் படத்தின் முடிவில் நாம் அழுத அழுகையையே அவை பொய்யாக்கிவிடுகின்றன. ஆனால் அவற்றோடு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டாதீர்கள். 1984-ல் கொல்ல வந்த ‘டெர்மினேட்டர்’ 1991-ல் காக்க வருகிறான். அந்த ஒரு மாற்றத்தால் இரண்டாவது படம் கேட்கிற கேள்வியே வேறாகிவிடுகிறது. ‘ஏலியன்’ 1979-ல் திகில் படம், அதன் தொடர்ச்சி 1986-ல் போர்ப்படம். ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகமோ முன்னும் பின்னும் ஒருசேர நடக்கிறது. அப்பன் எழுந்த கதையும் மகன் சரிந்த கதையும் மாறி மாறி வருகின்றன. ஒன்றில்லாமல் மற்றது புரியாது.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஒரே நாவலை இரண்டாகப் பிரித்து எடுப்பது. 2021-லும் 2024-லும் வந்த ‘டியூன்’ அப்படித்தான். அதில் இரண்டாவதைத் தனிப்படமாக வைத்து மதிப்பிடுவதே பொருந்தாது. பாதிக் கதையைப் பாதிக் கதையோடு ஒப்பிடுவதாகிவிடும்.

எடுப்பதையே நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. நிறுத்தியிருந்தால் அந்த மேஜைக் காட்சியும் நமக்குக் கிடைத்திருக்காது.

ஒன்று செய்யுங்கள். ஒரு விடுமுறை நாளில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தைத் தொடக்கத்திலிருந்து, அதன் வேகத்திலேயே பாருங்கள். நீளம் அதிகம், நடுவில் எழுந்து போய் வரலாம், அதற்காக இடைவேளையே விட்ட படம்தான் அது. முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால், எங்கே பிடிக்காமல் போனது என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.